ட்ரைபாடில் ஏற்றிய பிறகும் ஸ்டெபிலைசர் வேண்டுமா?

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. மலை உச்சியில் தீபம் ஏற்றுவது மாலை ஆறு மணிக்கு. நான் நாலரை மணிக்கே இடம் பிடித்து, ட்ரைபாட் என்ற மூன்று கால் தாங்கியை விரித்து, 70-300 மி.மீ. லென்ஸை உச்சிப் பக்கம் திருப்பி, திருகுகளை எல்லாம் இறுக்கிவிட்டுக் காத்திருந்தேன். தீபம் தெரிந்ததும் தெரு முழுக்க ‘அரோகரா’ என்ற முழக்கம். தீபத்தோடு மலையின் விளிம்பும் அடிவாரத்து விளக்குகளும் சேர்ந்து விழ வேண்டும் என்பதற்காக அரை விநாடி, இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று மாற்றி மாற்றி நாற்பது படங்கள் எடுத்தேன்.

கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத் தெரிந்தன. இரவு லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மனசு விட்டுப்போனது. புள்ளியாக இருக்க வேண்டிய தெருவிளக்குகள் ஒவ்வொன்றும் சின்னப் புழுப் போல நெளிந்திருந்தன. காற்று இல்லை. கேமராவைக் கையால் தொடவில்லை, இரண்டு விநாடி டைமர் வைத்துத்தான் எடுத்தேன். ட்ரைபாடும் கனமானது. லென்ஸின் பக்கவாட்டில் இருந்த, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசரின் பொத்தான் மட்டும் ‘ஆன்’ பக்கம் இருந்தது.

நல்ல வேளையாகத் தீபம் ஒரே நாளில் அணைந்துவிடுவதில்லை. மறுநாள் இரவு அதே மாடியில், அதே இடத்தில், அதே நான்கு விநாடி. பொத்தானை மட்டும் ஆஃப் செய்தேன். விளக்குகள் புள்ளிகளாக விழுந்தன. ஆனால் தீபம் ஏறிய அந்த முதல் நிமிடம் அடுத்த வருஷம்தான் திரும்ப வரும்.

இதைப் பற்றி விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். ‘ட்ரைபாடில் ஆன் செய்தால் லென்ஸ் கெட்டுவிடும்’ என்பார் ஒருவர். ‘அதெல்லாம் பழைய லென்ஸுக்கு, இப்போது வருவதெல்லாம் தானாகவே புரிந்துகொள்ளும்’ என்பார் இன்னொருவர். ‘ஸ்டெபிலைசர் படத்தை ஆடாமல் வைப்பதற்குத்தானே, எங்கே இருந்தால் என்ன?’ என்பார் மூன்றாமவர். காரணம் தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால் எந்த விதியும் ஒரு நாள் காலை வாரிவிடும். உள்ளே நடப்பது என்ன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நடுக்கம் எவ்வளவு சின்னது

முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். கைப்பக்கம் ஒரு விரல்கடை அசைந்தால் நுனி ஒரு முழம் ஆடும். கோல் நீள நீள ஆட்டமும் கூடும். லென்ஸிலும் இதே கதைதான். லென்ஸ் எவ்வளவு தூரத்துப் பொருளைக் கிட்டே இழுத்துக் காட்டும் என்பதைச் சொல்லும் எண்ணைக் குவியத் தூரம் என்கிறோம். 50 மி.மீ. என்பது குட்டைக் கோல், 300 மி.மீ. நீளமான துரட்டி.

அளவு சொன்னால் இன்னும் தெளிவாகும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சில்லு பழைய ஃபிலிம் அளவுக்கு இருக்கும்) கேமராவில் 300 மி.மீ. லென்ஸை மாட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படம் ஒரே ஒரு பிக்சல் நகர்வதற்கு, கேமரா எவ்வளவு திரும்ப வேண்டும் தெரியுமா? ஒரு டிகிரியை ஏறத்தாழ 900 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. மூச்சு விட்டாலே அதற்கு மேல் கை ஆடிவிடும்.

அதனால்தான் பழைய போட்டோகிராபர்கள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்: 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தால் ஷட்டர் வேகம் 1/300 விநாடியாவது இருக்க வேண்டும். ஷட்டர் வேகம் என்பது, படம் பதிய கேமரா எவ்வளவு நேரம் கண் திறந்திருக்கிறது என்பது. கண் திறந்து மூடும் நேரத்துக்குள் கை ஆடினால் ஆட்டம் படத்தில் பதியும். சீக்கிரம் மூடிவிட்டால் பதியாது.

வெளிச்சம் குறைவாக இருந்தால் சீக்கிரம் மூட முடியாதே, அதற்குத்தான் ஸ்டெபிலைசர். அதன் திறனை ‘ஸ்டாப்’ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு கூடுதல் நேரம். நான்கு ஸ்டாப் என்றால் இரண்டை நான்கு தடவை பெருக்கி, 16 மடங்கு. 1/300 வேண்டிய இடத்தில் சுமார் 1/20 விநாடியிலும் கையில் பிடித்து எடுக்கலாம்.

ஆக இதுவரை: லென்ஸ் நீளமானால் நடுக்கம் பெரிதாகத் தெரியும், நேரம் கூடினால் அது படத்தில் பதியும். ஸ்டெபிலைசர் அந்த நேரத்தைச் சில மடங்கு நீட்டித் தருகிறது.

உள்ளே நடப்பது என்ன

ஸ்டெபிலைசர் என்ற சொல் நம் வீடுகளுக்குப் புதிதில்லை. ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்குமே, அதன் பெயரும் அதுதான். கரண்ட் ஏறினால் குறைக்கும், இறங்கினால் கூட்டும். அதற்கு மூன்று வேலைகள்: வருவதை அளப்பது, எவ்வளவு திருத்த வேண்டும் என்று கணக்கிடுவது, திருத்துவது. லென்ஸுக்குள் இருப்பதும் இதே மூன்றைத்தான் செய்கிறது. அளப்பது வோல்டேஜுக்குப் பதிலாக நடுக்கத்தை.

நடுக்கத்தை அளக்கும் சில்லுக்குக் கைரோ என்று பெயர். உங்கள் செல்போனிலும் இது உண்டு. இதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சின்னத் துண்டு ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். கேமரா திரும்பினால் அந்த அதிர்வு கொஞ்சம் பக்கவாட்டில் விலகும். எவ்வளவு விலகியது என்பதை வைத்து, கேமரா எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சில்லு சொல்லிவிடும்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும், மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. கைரோவுக்குத் தெரிவது திரும்பும் வேகம் மட்டும்தான். கேமரா இப்போது எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வண்டி வலது பக்கம் திரும்பினால் உடம்பு சாயும், திரும்புகிறது என்று தெரிந்துவிடும். அடுத்து இடது பக்கம், அதுவும் தெரியும். கண்ணைத் திறக்காமல் இப்படியே அரை மணி நேரம் போனபின், ‘இப்போது பஸ் எந்தத் திசையில் போகிறது?’ என்று கேட்டால்? ஒவ்வொரு திருப்பத்தையும் மனசுக்குள் கூட்டிக் கழித்து ஒரு பதில் சொல்வீர்கள். ஒவ்வொரு கூட்டலிலும் கொஞ்சம் பிசகியிருக்கும். அரை மணி நேரத்துப் பிசகெல்லாம் சேர்ந்து, வடக்கை வடகிழக்கு என்று சொல்லிவிடுவீர்கள். கைரோவை நம்பியிருக்கும் கணக்கும் இதே மாதிரிதான். வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் திசையைக் கண்டுபிடிக்கிறது. கூட்டும் நேரம் கூடினால் பிசகும் கூடும்.

சரி, மூன்றாவது வேலை. லென்ஸுக்குள் வரிசையாக இருக்கும் கண்ணாடிகளில் ஒரு தொகுதி மட்டும் மிதப்பது போல இருக்கும். அதைச் சுற்றிக் காந்தமும் கம்பிச் சுருளும். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கண்ணாடி மேலும் கீழும், பக்கவாட்டிலும் நகரும். ஒலிபெருக்கிக்குள் காகிதக் கூம்பை அசைப்பதும் இதே காந்தமும் சுருளும்தான். கேமரா கீழே சாய்ந்தால் கண்ணாடி அதற்கு ஈடாக நகர்ந்து, பிம்பத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தும். ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தும்போது லென்ஸில் காதை வைத்துக் கேளுங்கள், மெல்லிய ‘உர்ர்’ சத்தம் வரும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் படம் ஒரு துள்ளு துள்ளி அடங்கும். வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்எல்ஆர் கேமராவுக்கு இப்படி ஒரு லென்ஸ் முதலில் வந்தது 1995-இல், கேனானின் 75-300 மி.மீ. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது: கேனான் ஐஎஸ், நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ், ஃபியூஜியும் பானசோனிக்கும் ஓஐஎஸ். பெயர்தான் வேறு. இன்னொரு வகையில் லென்ஸுக்குப் பதில் கேமராவுக்குள் இருக்கும் சென்சாரே, அதாவது படம் பதியும் சில்லே, நகரும். அளக்கும் முறை அதிலும் இதேதான் என்பதால் இந்தக் கட்டுரையில் வருவது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

சுருக்கமாகச் சொன்னால், கைரோ வேகத்தை அளக்கிறது, சில்லு அதைக் கூட்டித் திசையைக் கணக்கிடுகிறது, கண்ணாடி அதற்கு ஈடாக நகர்கிறது. கண்ணைத் திறந்து வெளியே பார்த்துச் சரிபார்க்க இந்த மூன்றில் எதற்கும் வழியில்லை.

ட்ரைபாடில் ஏன் தப்பாகிறது

கையில் பிடித்திருக்கும்போது கைரோவுக்கு வேலை நிறைய. கை விநாடிக்குச் சில தடவையிலிருந்து பத்துப் பன்னிரண்டு தடவை வரை நடுங்குகிறது. அந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் கணக்கில் வரும் பிசகு ஒன்றுமே இல்லை. சந்தையில் நாலு பேர் கத்திக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஓடும் கடிகாரச் சத்தம் கேட்குமா?

அதே கேமராவைக் கனமான ட்ரைபாடில் ஏற்றி, திருகுகளை இறுக்கிவிட்டால் சந்தை சட்டென்று அடங்கிவிடும். இப்போது கடிகாரம் கேட்க ஆரம்பிக்கும். கேமரா அசையவே இல்லை, ஆனாலும் கைரோவிலிருந்து வரும் எண் சுத்தமான பூஜ்யமாக இருப்பதில்லை. அந்தச் சில்லுக்கென்று ஒரு சலசலப்பு உண்டு. சூட்டால் கொஞ்சம் மாறும், மின்சுற்றால் கொஞ்சம் மாறும். அந்தச் சலசலப்பையும் உண்மையான அசைவு என்று நம்பிக் கூட்டிக்கொண்டே போகிறது கணக்கு. அதன்படி கண்ணாடியும் நகர்கிறது. அசையாத கேமராவுக்குள் படம் மட்டும் மெதுவாக ஊர்ந்து போகிறது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் டிரிஃப்ட் என்று பெயர், நாம் ஊர்தல் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பேச்சுக்கு, விநாடிக்கு ஒரு பிக்சல் அளவு ஊர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1/20 விநாடிப் படத்தில் அது பிக்சலில் இருபதில் ஒரு பங்கு, யார் கண்ணுக்கும் தெரியாது. நான்கு விநாடிப் படத்தில் நான்கு பிக்சல், விளக்கு புழுவாகிவிடும். முப்பது விநாடி என்றால் முப்பது பிக்சல், படமே போச்சு. என் நாற்பது படங்களில் அரை விநாடிப் படங்கள் மட்டும் ஓரளவு தேறியதற்குக் காரணம் இதுதான்.

இதிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. பிசகே இல்லாத கைரோ ஒன்று செய்து வைத்தாலும் தப்பிக்க முடியாது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி சுற்றுகிறது. நாம் பார்த்த அந்த 300 மி.மீ. கணக்கில், விநாடிக்கு மூன்றரை பிக்சலுக்கும் சற்று அதிகமாக வரும். கேமரா, ட்ரைபாட், அண்ணாமலை எல்லாம் சேர்ந்துதான் பூமியோடு சுற்றுகின்றன, படம் நகரக் காரணமே இல்லை. ஆனால் கைரோவுக்கு அது கேமரா திரும்புவதாகத்தான் படும். இதைத் திருத்தப் போனால் இல்லாத நகர்வை அதுவே உண்டாக்கிவிடும். அதனால்தான் மிக மெதுவான அசைவுகளைக் கணக்கிலிருந்து வடிகட்டிவிடும்படி அமைக்கிறார்கள். வடிகட்டி எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதுதான் சிக்கல்.

இரண்டாவது கோளாறு வேறு விதம். கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு முன்னால் கொண்டுபோனால் ‘கீய்ய்ங்’ என்று காதைத் துளைக்குமே, அது எப்படி வருகிறது? ஒலிபெருக்கிச் சத்தம் மைக்குக்குள் போகிறது, மைக் அதை மறுபடி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது, ஒன்றையொன்று தூண்டிவிட்டுக்கொண்டே போகின்றன. லென்ஸுக்குள்ளும் இது நடக்கலாம். கண்ணாடி நகரும்போது லென்ஸின் உடம்பு லேசாக அதிரும். கையில் பிடித்திருந்தால் சதையும் தோலும் அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும். உலோக ட்ரைபாடோடு இறுக்கி வைத்தால் அதிர்வு எங்கும் போகாமல் திரும்ப வரும். கைரோ அதை அளந்து, கண்ணாடியை நகர்த்தச் சொல்லும். அது மறுபடி அதிரும். லென்ஸ் தன் அதிர்வைத் தானே துரத்த ஆரம்பித்துவிடும். பழைய லென்ஸ்கள் சிலவற்றில் வியூஃபைண்டரில் படம் வெடவெடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்: ஊர்தல் என்பது மெதுவான நகர்வு, நீண்ட நேரப் படங்களைக் கெடுக்கும். தன்னைத் தானே துரத்துவது வேகமான அதிர்வு, குறுகிய நேரப் படத்தையும் கொஞ்சம் மழுக்கும். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான், திருத்துவதற்கு நடுக்கமே இல்லாத இடத்தில் திருத்த முயல்வது.

புது லென்ஸுக்குத் தானாகத் தெரியாதா

பலவற்றுக்குத் தெரியும். 1999-இல் கேனான் கொண்டுவந்த 300 மி.மீ. முதல் 600 மி.மீ. வரையிலான பெரிய டெலி லென்ஸ்களிலேயே ட்ரைபாடைக் கண்டுபிடிக்கும் வசதி வந்துவிட்டது. கண்டுபிடிப்பது எப்படி என்றால், கைரோவிலிருந்து வரும் அசைவு மனிதக் கையால் முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதா என்று பார்ப்பது. கை எவ்வளவு உறுதியானாலும் கல் மாதிரி இருக்காது. கல் மாதிரி இருந்தால் அது ட்ரைபாடாகத்தான் இருக்க வேண்டும். உடனே கண்ணாடியை நடுவில் நிறுத்திவிடும், அல்லது சின்ன அதிர்வுகளை மட்டும் திருத்தும் முறைக்கு மாறிவிடும். ஐபோனில் நைட் மோடு, கையில் பிடித்தால் சில விநாடியும் ட்ரைபாடில் வைத்தால் 30 விநாடி வரையும் காட்டுவது இதே உத்தியால்தான்.

அப்படியானால் கவலையை விட்டுவிடலாமா? நான் விட மாட்டேன். லேசாகக் காற்று அடிக்கும்போது, மாடியில் பத்துப் பேர் நடக்கும்போது, மெலிந்த ட்ரைபாடில் கனமான லென்ஸை வைத்திருக்கும்போது, அசைவு கைக்கும் கல்லுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். லென்ஸ் ஒரு நேரம் ட்ரைபாட் என்று நினைக்கும், மறுநேரம் கை என்று நினைக்கும். அந்த மாற்றம் நான்கு விநாடிப் படத்தின் நடுவில் நடந்தால் படம் வீண். அதோடு, விலை குறைந்த லென்ஸ்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் லென்ஸோடு வந்த கையேட்டில் இதற்கென்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். நிக்கானின் பல லென்ஸ் கையேடுகளில் அது மிகத் தெளிவாக இருக்கிறது: ட்ரைபாடில் ஏற்றினால் ஆஃப் செய்வது நல்லது, ஆனால் கேமராவைப் பிடித்திருக்கும் ட்ரைபாடின் தலையை இறுக்காமல் விட்டிருந்தாலோ ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடில் வைத்திருந்தாலோ ஆன் செய்வது நல்லது.

அந்த ‘ஆனால்’ தான் பலர் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ட்ரைபாடிலும் ஆனில் விட வேண்டிய நேரம்

வேடந்தாங்கலில் கூட்டுக்குத் திரும்பும் கொக்கையும் நாரையையும் எடுக்கிறீர்கள். லென்ஸ் ட்ரைபாடில்தான் இருக்கிறது, ஆனால் தலை இறுக்கப்படவில்லை. பறவை போகும் பக்கமெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். இந்த வேலைக்கென்றே கிம்பல் ஹெட் என்று ஊஞ்சல் மாதிரி ஆடும் தலை கிடைக்கிறது. இங்கே ட்ரைபாட் லென்ஸின் எடையை மட்டும் சுமக்கிறது. நடுக்கம் உங்கள் கையிலிருந்து வருகிறது. ஸ்டெபிலைசர் திருத்தப் பிறந்த அதே நடுக்கம். ஆனில் விடுங்கள்.

இந்த மாதிரி பக்கவாட்டில் பறப்பதைத் தொடர்ந்து எடுக்கும்போது, பெரிய லென்ஸ்களில் இருக்கும் இரண்டாவது நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கேனானில் இது ‘மோடு 2’. நீங்கள் வேண்டுமென்று திருப்புவதை விட்டுவிட்டு மேலும் கீழுமான ஆட்டத்தை மட்டும் திருத்தும்.

மோனோபாட் என்பது ஒற்றைக்கால். எடையைத் தாங்கும், சாய்வதைத் தடுக்காது. ஆன். படகில் நின்று எடுத்தால், கீழே ட்ரைபாட் இருந்தாலும் படகே ஆடுகிறது, ஆன். ஆட்கள் நடக்கும் இரும்புப் பாலம், மரப்பலகைத் தளம் இவற்றில் எது சரி என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. இரண்டு விதமாகவும் எடுத்து அங்கேயே பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஆகவே ‘ட்ரைபாட் இருக்கிறதா?’ என்று கேட்பதை விட, ‘கேமரா உண்மையிலேயே அசையாமல் இருக்கிறதா?’ என்று கேட்பது சரியான பதிலைத் தரும். அசையவில்லை, படமும் நீண்ட நேரம் என்றால் ஆஃப். கை பட்டுக்கொண்டோ தரை ஆடிக்கொண்டோ இருந்தால் ஆன். இறுக்கிய ட்ரைபாடில் வெயிலில் 1/1000 விநாடியில் எடுக்கிறீர்கள் என்றால் எப்படி இருந்தாலும் வித்தியாசம் தெரிவது அபூர்வம், இருந்தாலும் நான் ஆஃப் செய்துவிடுவேன், பழக்கம் ஒன்றாக இருக்கட்டும் என்று.

ஸ்டெபிலைசரைச் சுற்றிக் கட்டிய கதைகள்

ஆன் செய்தால் லென்ஸ் கெட்டுவிடும் என்பதில் உண்மையில்லை. படம் கெடும், கொஞ்சம் பேட்டரி செலவாகும், அவ்வளவுதான். லென்ஸைக் கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஏதோ உருள்வது போலக் கேட்டுப் பயப்படுபவர்களும் உண்டு. மின்சாரம் இல்லாதபோது மிதக்கும் அந்தத் தொகுதி கொஞ்சம் அசையும், பல லென்ஸ்களில் அந்தச் சத்தம் இயல்பானதே.

ஓடும் குழந்தை மங்கலாக விழுந்ததற்கு ஸ்டெபிலைசரைக் குறை சொல்வதும் சரியில்லை. அது கேமராவின் அசைவை மட்டும்தான் திருத்தும். எதிரில் ஓடுபவரை நிறுத்த ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும்.

ட்ரைபாடில் ஸ்டெபிலைசரை ஆஃப் செய்த பிறகும் படம் மழுங்கலாக வந்தால், வேறு இடத்தில் தேட வேண்டும். டிஎஸ்எல்ஆர் கேமராவில் படம் எடுக்கும் நொடியில் கேமராவுக்குள் இருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி (மிரர்) மேலே அடித்துக்கொண்டு எழும்பும். அந்த அடி சுமார் 1/30 விநாடியிலிருந்து ஒரு விநாடி வரையிலான படங்களில் நன்றாகவே தெரியும். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் எடுத்தால் அது பெரும்பாலும் தீரும், டைமர் வைத்தால் விரல் பட்ட ஆட்டம் தீரும். அப்புறம், ட்ரைபாடின் நடுத்தண்டை முழுக்க உயர்த்தி வைப்பதைத் தவிருங்கள். அது மூன்று காலின் மேல் ஒரு ஒற்றைக்காலை நட்டு வைப்பது மாதிரி.

கேமராவுக்குள் சென்சார் நகரும் வகையும் இருந்தால், லென்ஸ் பொத்தானை ஆஃப் செய்தது மட்டும் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கேமராக்களில் லென்ஸில் உள்ள பொத்தானே இரண்டையும் நிறுத்திவிடும். சிலவற்றில் மெனுவுக்குள் போய்த் தனியாக நிறுத்த வேண்டும். கேமராவோடு வரும் சிறிய கிட் லென்ஸ்கள் சிலவற்றில் பொத்தானே இருக்காது, அதற்கும் மெனுதான்.

உங்கள் லென்ஸை நீங்களே சோதிக்க

சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கும் அறை ஒன்று போதும். தேதி பெரிதாக இருக்கும், அதை விடுங்கள். அதற்குக் கீழே ராகு காலம், எமகண்டம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்களே, அதுதான் நமக்கு வேண்டும். அறையின் எதிர்ப்பக்கம் ட்ரைபாடை வைத்து, லென்ஸை முழு நீளத்துக்கு இழுத்து, அந்தப் பொடி எழுத்தில் ஃபோகஸ் செய்து, பிறகு ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், இல்லையென்றால் தாள் படபடக்கும்.

லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். ஸ்டெபிலைசரை ஆன் செய்து, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியபடி அரை நிமிஷம் ‘எமகண்டம்’ என்ற சொல்லின் ‘எ’ மேலேயே கண்ணை வையுங்கள். அழுத்தும் விரலால் ஆடிவிடாமல் இருக்க ரிமோட் இருந்தால் இன்னும் நல்லது. சில லென்ஸில் அந்த எழுத்து திரையின் ஓரத்தைப் பார்த்து நத்தை மாதிரி ஊரும், சிறிது நேரத்தில் திரும்பி வரும். சிலவற்றில் இருந்த இடத்திலேயே துடிக்கும். சிலவற்றில் அசையாமல் நிற்கும், உங்களுடையது ட்ரைபாடைக் கண்டுபிடிக்கும் வகையாக இருக்கலாம்.

அதோடு விட்டுவிடாமல் படமும் எடுங்கள். அறை விளக்கைக் குறைத்து, இரண்டு விநாடி டைமரில், நான்கு விநாடிப் படங்களாக ஆனில் ஐந்து, ஆஃபில் ஐந்து. ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், ஊர்தல் எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பத்தையும் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி ராகு காலத்தைப் படித்துப் பாருங்கள். உங்கள் லென்ஸ் எந்த வகை என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆஃப் செய்ததை மறந்துவிட்டு, மறுநாள் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் கையில் பிடித்து எடுத்தால், வளையல் போடும் கைகள் எல்லாம் மங்கலாக விழும். அதனால் ட்ரைபாடின் மூன்றாவது காலை மடக்கும்போதே பொத்தானையும் ஆன் பக்கம் தள்ளிவிடுங்கள், பிறகு பையை மூடுங்கள்.